கார்ஃபீல்ட் படுத்திருந்த எழுபத்தொன்பது நாள்

ஆகஸ்ட் 11, திங்கள்

மதுரையிலிருந்து மெய்ப்பு வந்துவிட்டது. ‘அதிகம் அறியாத அதிபர்கள்’ என்ற வரிசையில் நான்காவது புத்தகம். ஆள் பெயர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். “யாரு சார் இவரு, நான் கேள்விப்பட்டதே இல்லையே” என்று பதிப்பகத்துக்காரரிடம் போனில் கேட்டேன். “அதனாலதாம்மா வரிசைக்கே அந்தப் பேரு” என்றார். 1881இல் அமெரிக்காவுக்கு அதிபரானவர். நாலு மாதம் முடிவதற்குள் ரயில் நிலையத்தில் வைத்து ஒருவன் சுட்டுவிட்டான். எழுபத்தொன்பது நாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். சுட்ட அன்றைக்கே போயிருந்தால் ஒருவேளை ஊர் நினைவில் வைத்திருக்கும்.

இதை எங்கள் சம்பந்தி டாக்டர் பொன்னையாவின் நர்சிங் ஹோமில், நாலாம் நம்பர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஆசீரைச் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. முப்பத்திரண்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து, ஷூ போடு ஷூ போடு என்று பிள்ளைகளிடம் கத்திய மனுஷன், ரிட்டயர் ஆன பிறகு பழைய மாணவர்களோடு வெறுங்காலில் பந்தாடப் போனார். குதிகாலில் உடைமுள் ஏறிவிட்டது. சர்க்கரை வேறு. சம்பந்தி குதிகாலைக் கீறி ஒரு துண்டு முள்ளை வெளியே எடுத்தார். புண் மட்டும் ஆறவில்லை.

அறையில் ஃபேன் கடகடவென்று உயிரை எடுத்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டேன். இப்போது சத்தமில்லை. பாளையங்கோட்டையில் ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்துதான் ஆக வேண்டும்.

என் வேலையில் மட்டும் அது கிடையாது. அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெய்ப்புப் பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்து பார்க்கிறேன். எழுத்தைத் திருத்தலாம், விஷயத்தைத் தொடக் கூடாது. இது வரை தொட்டதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சர்க்கரை 238. இரண்டு வேட்டி, ஒரு போர்வை துவைத்தேன். கேன்டீன் இட்லியைக் கொண்டுபோய்க் கேன்டீன்காரர் மேஜையிலேயே வைத்து, “இத நீங்க சாப்பிடுங்க, நான் நின்னு பாக்கேன்” என்றேன். வேறு இட்லி வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாற்பதாம் பக்கத்திலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. குண்டடி பட்ட மனுஷரை ரயில் நிலையத்திலேயே கிடத்தி, முதுகு ஓட்டைக்குள் விரலை விட்டுக் குண்டைத் தேடியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் மாற்றி ஒரு டாக்டர். கழுவாத விரல். இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய சர்ஜன் அஞ்சு வருஷம் முன்னாலேயே அமெரிக்காவுக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது, கையைச் சுத்தம் பண்ணுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. இதில் தலைமை டாக்டர் என்று ஒருவர் வந்து, மற்றவர்களில் பாதிப் பேரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு படித்த ஊரில் ஒருவருக்காவது அந்த ஆளை எதிர்த்துக் கேட்க வாய் வரவில்லையே.

கோயில் ஆராதனை முடிந்து சம்பந்தி நேரே இங்கே வந்தார். அவர் கையுறை போடாமல் புண்ணைத் தொட மாட்டார், அதைச் சொல்ல வேண்டும். குதிகாலைக் கழுவி, மருந்து வைத்து, “நல்லா வருது மச்சான்” என்றார். காலையில் விரிப்பு மாற்றும்போது உள்பக்கக் கணுக்கால் வீங்கியிருப்பதைப் பார்த்திருந்தேன். “அண்ணன், இந்தக் கணுக்கால்…” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடி, ஆசீரின் முழங்கால்மேல் கையை வைத்துவிட்டார். “பரம வைத்தியரே” என்று தொடங்கினால் ஏழு நிமிஷம். உருக்கமாகத்தான் ஜெபிக்கிறார், ஆசீருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆண்டவர் கையில் ஒப்படைத்த காலை, ஆமென் சொன்ன அடுத்த நிமிஷமே திரும்ப வாங்கி, இது ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன்.

எங்கள் மகள் பெனிட்டா மாசமாக இருக்கிறாள். அவர் வீட்டில், அவர் மருமகளாக. எதைப் பேசினாலும் யோசித்துத்தான் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஐம்பத்தெட்டாம் பக்கம்: “மருத்துவர்கள் அல்லும் பகலும் அரும்பாடுபட்டனர், எனினும் விதி வென்றது.” சிவப்பு மையில் சுழித்தேன். அடித்தேன். பிறகு புத்தகம் எழுதிய பேராசிரியர் வேலாயுதத்துக்கே போன் போட்டேன்.

“சார், இதுல விதி எங்கருந்து வந்தது? விரல்ல வந்தது” என்றேன்.

“அம்மா, நீங்க எழுத்துப் பிழைய மட்டும் பாருங்க. வரலாற நாங்க பாத்துக்கிறோம்.”

“நாப்பதாம் பக்கத்துல கழுவாத கைன்னு எழுதிட்டு, அம்பத்தெட்டுல அரும்பாடுன்னு எழுதுதீய. ரெண்டுல எது வரலாறு?”

“அந்தக் காலத்துல அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா.”

“தெரியும்னு சொன்னவங்களக் கிட்ட விடலையே சார். அதுவும் நீங்கதான் எழுதிருக்கீய.”

அரை மணி நேரம் ஆயிற்று. காரிடாரில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர், “உங்க வீட்டுக்காரர் ரொம்பப் பொறுமைசாலியா இருக்கணும்” என்று சொல்லி வைத்துவிட்டார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன டாக்டருக்கு வக்காலத்து வாங்க மதுரையில் ஒரு ஆள்.

மத்தியானம் சம்பந்தி வந்தார். கணுக்காலைப் பற்றிக் கேட்டேன். கேட்டேன் என்றால், “லேசா வீங்கின மாதிரி இருக்கோ அண்ணன்” என்றேன். “அது நீரு தங்கச்சி. கால தொங்கப் போட விடாத” என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

அந்த டாக்டர்கள் தினமும் அறிக்கை விட்டிருக்கிறார்கள். அதிபர் நன்றாகத் தூங்கினார், நாடி சீராக இருக்கிறது, முகத்தில் தெளிவு இருக்கிறது. இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு ஜனங்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அங்கே மனுஷன் நாற்பது கிலோவுக்குப் பக்கமாக இளைத்துப் போய், உடம்பெல்லாம் சீழ் வைத்துக் கிடக்கிறார். எப்படித்தான் கூசாமல் எழுதினார்களோ.

சாயங்காலம் பெனிட்டா போன் செய்தாள். மாசமாக இருக்கிறவள் ஆஸ்பத்திரிக் காற்றில் வர வேண்டாம் என்று அவள் மாமியார் சொல்லியிருப்பதால் தினமும் போன்தான். அப்பா நன்றாகத் தூங்கினார்கள், சாப்பிட்டார்கள், முகம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்குப் பயறு அவித்து, வெல்லம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் இருக்கிறாரே, அவரே ஒரு கருவியைச் செய்துகொண்டு வந்திருக்கிறார். உடம்புக்குள் உலோகம் இருந்தால் சத்தம் கேட்கும். தலைமை டாக்டர் சொன்னாராம், குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது, வலது பக்கம் மட்டும் பார் என்று. போதாக்குறைக்குப் படுக்கையில் இரும்புச் சுருள். ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. குண்டு இருந்தது இடது பக்கம். கருவியை ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் போதும். உலகத்துக்கே பேசக் கருவி கொடுத்தவர், இந்தப் பக்கமும் பார்க்கட்டுமா என்று ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? டாக்டரிடம் அவ்வளவு என்ன பயம்?

இன்று ஆசீருக்கு ஸ்கேன். நான்தான் மாப்பிள்ளை எட்வினிடம் சொல்லி, எட்வின் அவன் அப்பாவிடம் சொல்லி ஏற்பாடானது. சம்பந்தியே மெஷினைக் குதிகாலில் வைத்துப் பார்த்தார். “சுத்தமா இருக்கு. முள்ளு கிள்ளு ஒண்ணும் கெடையாது” என்றார். கணுக்கால் பக்கம் மெஷின் போகவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

காய்ச்சல் 101. ஊசி மாற்றியிருக்கிறார்கள். கேன்டீனில் சாம்பார் புளித்துவிட்டது, சொன்னேன்.

செப்டம்பர் 1, திங்கள்

எனக்கு இன்று கோபம் அதிபர் மனைவி மேல். அந்த அம்மா படித்தவர்கள். அவர்களுக்கு என்று ஒரு பெண் டாக்டரும் இருந்திருக்கிறார். அந்தப் பெண் டாக்டரை நர்ஸ் வேலை பார் என்று ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள். இந்த அம்மா எழுபத்தொன்பது நாளும் கட்டில் பக்கத்தில் இருந்து, கஞ்சி கொடுத்து, கையைப் பிடித்து, சிரித்த முகமாக இருந்தார்களாம். அதைப் பேராசிரியர் மெச்சி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? புருஷன் உயிர் போகிறது, டாக்டர் மனம் நோகக் கூடாது என்று பார்ப்பார்களா?

மருந்து மாற்றும்போது சிஸ்டர் ஜெயசீலி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “ஆன்டி, கணுக்காலத் தொட்டுப் பாருங்க, கொதிக்கி. உள்ள என்னமோ இருக்கு. மதுரைக்குக் கொண்டு போங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, எனக்கு வேல போயிரும்” என்றாள்.

“அண்ணன்ட்ட நீயே சொல்லலாமே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தக் காலத்து நர்ஸ்களுக்கு எதையும் பொறுப்பாக மேலே சொல்லத் தைரியம் கிடையாது.

செப்டம்பர் 3, புதன்

காலின் சுண்டுவிரல் நிறம் சரியில்லை.

ஆசீரிடம், “மதுரைக்குப் போவமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அவரு நல்லாத்தான பாக்காரு.”

“ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாம்.”

“மருமக அப்பனே சம்பந்தி ஆஸ்பத்திரிய நம்பாமப் போயிட்டான்னு ஊரு சொல்லும். அவரு மொகத்துல எப்படி முழிக்கது? பிள்ள அங்க இருக்கா வயலட்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

கார்ஃபீல்டும் இப்படித்தான். யார் வந்தாலும் சிரித்துப் பேசுவாராம், வலி என்று ஒரு வார்த்தை கிடையாதாம். எனக்கு இந்த நல்ல மனுஷர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நீ கத்தினால்தானே அடுத்தவனுக்கு உறைக்கும்.

எழுபதாம் பக்கமும் முடிந்தது. இறந்த பிறகு அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். குண்டைச் சுற்றி உடம்பே ஒரு பை மாதிரி கட்டி வைத்திருந்ததாம். அதை அப்படியே விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பார் என்று இப்போதுள்ள டாக்டர்கள் பலர் சொல்கிறார்கள். சுட்டவன் கோர்ட்டில், நான் சுட்டேன், கொன்றது டாக்டர்கள் என்றானாம். கொலைகாரனுக்கு இருந்த வாய் வேறு யாருக்கும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பெனிட்டா வந்தாள். ஆறு மாத வயிற்றோடு, ஆட்டோவில், தனியாக. ஜெயசீலிதான் போன் போட்டிருக்கிறாள்.

வந்தவள் நேரே கட்டிலுக்குப் போனாள். போர்வையை விலக்கினாள். கணுக்கால் பளபளவென்று வீங்கி, சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. வாடை எனக்குப் பழகிவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“எம்மா, இது எத்தன நாளா இருக்கு?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“அப்பா நல்லா இருக்காவ, நல்லா இருக்காவன்னு தெனமும் சொன்னியே?”

“நீ மாசமா இருக்க. அந்த வீட்ல வாழுத. அண்ணன் மனசு கோணிச்சுன்னா ஒனக்குத்தான…”

“என்னயச் சாக்கு சொல்லாத. எங்க அப்பா காலப் பணயம் வச்சு என்னயக் காப்பாத்துன்னு நான் ஒன்கிட்டக் கேட்டனா?”

அப்போது சம்பந்தி உள்ளே வந்தார், பின்னால் வந்த எட்வின் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். மருமகளைப் பார்த்ததும், “நீ ஏம்மா இங்க வந்த” என்றார். ஆசீர் சிரிக்கப் பார்த்தார். சம்பந்தி நிலைமையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போல் முழங்காலில் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

“மாமா, ஜெபம் பொறகு பண்ணலாம்” என்றாள் பெனிட்டா. “கண்ணத் தொறந்து கணுக்காலப் பாருங்க.”

ஃபிளாஸ்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். இவள் வாழ்க்கை முடிந்தது, இனிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் வரப் போகிறாள் என்று நினைத்தேன்.

சம்பந்தி கண்ணைத் திறந்தார். கணுக்காலை அழுத்திப் பார்த்தார். ஆசீர் பல்லைக் கடித்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு கதவுக்கு வெளியே பார்த்து, “எட்வின், மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொல்லு. நானே அங்க பேசுதேன்” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றுமே நடக்கவில்லை. பெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். சம்பந்திதான் எடுத்துக் கொடுத்தார். இருபது நாளாக நான் எதற்குப் பயந்தேனோ, அது இவ்வளவுதானா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல் அலமாரியில் இருந்த துணியையெல்லாம் பைக்குள் திணித்தேன்.

செப்டம்பர் 6, சனி. மதுரை

பெண் சர்ஜன், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். முழங்காலிலிருந்து விரல் நுனி வரை ஸ்கேன் எடுத்தார்கள். கணுக்கால் எலும்பை ஒட்டி, ஒரு விரற்கடை நீளத்துக்கு முள். குதிகாலில் எடுத்தது உடைந்த பாதி. எலும்புக்குள் சீழ் போய்விட்டது.

“வீக்கம் எப்பருந்தும்மா இருக்கு?” என்று கேட்டார், எழுதுவதற்காக.

“ஆகஸ்ட் பதினேழு.”

பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “தேதி வரைக்கும் தெரியுதா?”

“ஞாயித்துக்கிழம” என்றேன்.

அவர் திரும்பக் குனிந்து எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

செப்டம்பர் 8, திங்கள்

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். வலது கால். கார்னர் கிக் அடிக்கிற கால். உயிருக்கு ஆபத்தில்லை.

செப்டம்பர் 10, புதன்

சம்பந்தி வந்தார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைப் பொத்தி அழுதார். அழுது முடித்து, “தங்கச்சி, நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. நானே அனுப்பிருப்பனே” என்றார்.

அங்கே வைத்துத்தான் எனக்கு வாய் திறந்தது. “டாக்டருக்குப் படிச்சது நீங்களா நானா? வீங்கின கால் ஒங்க கண்ணு முன்னாலதான கெடந்தது? நான் சொன்னாத்தான் தெரியுமா?” என்று கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு வயசாயிட்டு” என்றார். இனி ஆபரேஷன் செய்வதில்லை என்று எட்வினிடம் சொல்லிவிட்டாராம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கேட்டு என்ன, கால் போன பிறகு.

மத்தியானம் பேராசிரியர் வேலாயுதம் போன் செய்தார். அந்த வரியை மாற்றிவிட்டாராம். “நீங்க அன்னைக்குச் சண்ட போட்டதுலதாம்மா மறுபடி உக்காந்து படிச்சேன். நீங்க சொன்னதுதான் சரி” என்றார். சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆசீர் இன்று நன்றாகப் பேசினார். இரண்டு வாய் இட்லி சாப்பிட்டார். பெனிட்டா போனில் வந்தாள். மாமனார் வீட்டில் எல்லோரும் அவளைத் தாங்குகிறார்களாம். ஆசீர் அவளிடம், இனி ஒரு ஷூ வாங்கினால் போதும் என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

போனை வைத்த பிறகு நானே சொல்லிவிட்டேன். இனியும் மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. “வீக்கத்த நான் பதினேழாந் தேதியே பாத்துட்டேன்” என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “எனக்குப் பதினஞ்சாந் தேதியே தெரியும்” என்றார். “உள்ள முள்ளு குத்துது, நல்லாவே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சா ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“ஒங்கிட்டச் சொல்லவா?” என்றார். “இட்லிக்கே கேன்டீன ரெண்டாக்குனவ நீ. ஒங்கிட்டச் சொன்னா நேரா அவரு ரூமுக்குப் போயிச் சண்ட போடுவ. பொறகு பிள்ளைக்குத்தான் கஷ்டம். அதான் பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தேன்.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முப்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்த மனுஷர், நான் சண்டை போடுவேன் என்று நம்பி ஒரு காலைக் கொடுத்திருக்கிறார்.